ஒரு நாள் முகாமுக்கும் கறுப்பு பெல்ட்டுக்கும் நடுவில்: தற்காப்புப் பயிற்சியில் புதிதாகச் சேரும் மலைப் பெண்களுக்கு ஒரு விளக்கம்

மார்ச் மாதம் மகளிர் தினம் நெருங்கினால் ஊட்டியிலும் குன்னூரிலும் கல்லூரி, மகளிர் குழு என்று பல இடங்களில் 'ஒரு நாள் தற்காப்புப் பயிற்சி' அறிவிப்பைப் பார்க்கலாம். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று மாதம் கராத்தேயோ சிலம்பமோ சொல்லித் தருகிறார்கள். கடைவீதியில் இருக்கும் கராத்தே கிளாஸில் விசாரித்தால், கறுப்பு பெல்ட் வாங்க நாலைந்து வருஷமாவது ஆகும் என்பார்கள். ஒரு நாள், மூன்று மாதம், ஐந்து வருஷம். மூன்றுக்கும் ஒரே பெயர், தற்காப்பு.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எதில் சேர்வது? எத்தனை நாளில் பலன் தெரியும்? நாற்பது வயதில் தொடங்கலாமா? திருப்பி அடித்தால் கேஸ் நம் மேலேயே வந்துவிடுமா? இந்தக் கேள்விகளுக்கு அடிப்படையிலிருந்து பதில் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு நூறு அடிமுறைகள் தேவையில்லை. ஐந்தாறு அசைவுகளும் ஒரு குரலும் போதும். ஆனால் அந்த ஐந்தாறும் கை நடுங்கும்போதுகூட வந்தாக வேண்டும். எந்த கிளாஸையும் இந்த ஒரு அளவுகோலை வைத்து எடை போடலாம்.

## போர்க்கலை, விளையாட்டு, தற்காப்பு

இந்த மூன்று சொற்களையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. போர்க்கலை என்பது ஒரு மரபு. சிலம்பம், குத்துவரிசை, அடிமுறை ஆகியவை நம்முடையவை. கராத்தே ஒகினாவாவிலிருந்து வந்தது. ஜூடோவை 1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கினார். இவற்றில் உடல் கட்டுப்பாடு, மரியாதை, வரிசை வரிசையான அசைவுகள் எல்லாம் உண்டு. வருஷக்கணக்கில் கற்க வேண்டியவை.

2. விளையாட்டு என்பது அந்தக் கலையின் போட்டி வடிவம். அதில் நடுவர் இருப்பார், மெத்தை விரித்திருக்கும், மணி அடித்தால் நிறுத்திவிடுவார்கள். கண்ணில் குத்துவதும் கவட்டில் உதைப்பதும் விதிமீறல்.

3. தற்காப்பு என்பது ஒரு நோக்கம். ஆபத்து வருவதை முன்கூட்டியே அறிவது, தவிர்ப்பது, தடுப்பது, பிடியிலிருந்து விடுபடுவது, பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்வது, அப்புறம் புகார் கொடுப்பது, மனத்தைத் தேற்றிக்கொள்வது எல்லாம் அதற்குள் அடங்கும். அடிப்பது அதில் ஒரு சின்னப் பகுதி.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒலிம்பிக் ஜூடோவைப் பார்த்தாலே போதும். பெண்களுக்கு 48 கிலோ, 52, 57, 63 என்று எடைப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். உலகத்தின் தேர்ந்த வீராங்கனைகளையே 48 கிலோவுக்கு எதிராக 70 கிலோ என்று மோத விடுவதில்லை. எடை அவ்வளவு முக்கியம். அப்படியிருக்க, 'இந்தப் பிடியைக் கற்றுக்கொண்டால் எப்பேர்ப்பட்ட ஆளையும் சாய்த்துவிடலாம்' என்று மூன்று மாதப் பயிற்சியில் ஒரு மாஸ்டர் சொன்னால், அந்தப் பேச்சு ஆபத்தானது. அதை நம்பும் பெண், ஓட வேண்டிய நேரத்தில் நின்று சண்டை போடுவாள்.

கராத்தேயோ சிலம்பமோ வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நல்ல மாஸ்டரிடம் கற்ற பெண்ணின் நடையும் பார்வையும் மூச்சும் மாறுகின்றன. சிலம்பத்தின் காலடி வரிசை தூரத்தைக் கணக்கிடக் கற்றுத் தருவதுபோல வேறெதுவும் தருமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஜூடோவில் விழக் கற்றுத் தருகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க உதவும். ஆனால் கலையைக் கற்பதும் தற்காப்பைக் கற்பதும் ஓரளவுக்குத்தான் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்.

## யாரிடமிருந்து காத்துக்கொள்வது?

பயிற்சி முகாம்களில் பெரும்பாலும் காட்டப்படும் காட்சி ஒன்று உண்டு. இருட்டான பாதை, பின்னாலிருந்து பாயும் முகம் தெரியாத ஆள். அது நடக்காது என்று சொல்ல முடியாது. கடைசி பஸ்ஸில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் லயன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, நடக்கும் பெண்ணுக்கு அந்தப் பயம் உண்மையானது.

ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் வேறொன்றைச் சொல்கின்றன. பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை தருபவர், காதலன், குடும்ப நண்பர்.

இதைப் பயிற்சியோடு பொருத்திப் பாருங்கள். தெரிந்த ஆள் பாய்ந்து வந்து கழுத்தைப் பிடிப்பதில்லை. முதலில் பேச்சு கொஞ்சம் மாறும். தோளில் கை விழும். 'நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்' என்பார். மறுத்தால் 'என்னம்மா, என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கேட்பார். ஒவ்வொரு படியிலும் அந்தப் பெண்ணின் மரியாதையுணர்ச்சியே அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. தோட்டத்தில் மேஸ்திரியிடமோ, விடுதியில் சூப்பர்வைசரிடமோ, வீட்டுக்கு வந்த மாமாவிடமோ முகத்தில் அடித்த மாதிரி 'வேண்டாம்' என்று சொல்ல நம் வீடுகளில் பெண்களைப் பழக்குவதில்லை. அந்த ஒரு சொல்லைப் பழக்காத தற்காப்புப் பயிற்சியை நான் முழுமையான பயிற்சி என்று ஏற்க மாட்டேன்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2015-இல் அதன் முடிவு வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி, மறுபாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வன்புணர்வுக்கு ஆளானவர்களின் விகிதம் பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதம். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 சதவீதம், அதாவது ஏறக்குறைய பாதி. கவனிக்க வேண்டியது அந்த 12 மணி நேரத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பதை. அடி, உதை, பிடி எல்லாம் அதில் ஒரு பகுதி மட்டும். மீதி நேரத்தில் தெரிந்த ஆண்களிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை அடையாளம் காண்பது, 'அவர் மனம் நோகுமே' என்ற தயக்கத்தைத் தாண்டுவது, தனக்கு எது விருப்பம், எது விருப்பமில்லை என்று தெளிவாக அறிவது ஆகியவற்றைப் பேசினார்கள்.

கனடாவின் கல்லூரியும் கோத்தகிரியின் கல்லூரியும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் 12 மணி நேரம் என்பது மூன்று மாதப் பள்ளித் திட்டத்துக்குள் தாராளமாக அடங்கும் நேரம்.

## ஆபத்தில் உடம்பு என்ன செய்யும்?

அடுத்த அடிப்படை இது. இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பயிற்சி உதவும், எது உதவாது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

திடீர் ஆபத்தில் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் படபடக்கும், வாய் உலரும், பார்வை குறுகும், காது அடைத்ததுபோல் இருக்கும். கை கால்களின் பெரிய தசைகளுக்கு வேகம் கூடுகிறது. ஆனால் விரல் நுனியின் நுணுக்கமான வேலைகள் கெட்டுப்போகின்றன. சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடியாமல் தடுமாறுவது இதனால்தான். எனவே 'அவன் சுண்டுவிரலை இப்படிப் பிடித்து, மணிக்கட்டை அப்படித் திருப்பி, பின்னால் போய்' என்று ஐந்து படிகள் கொண்ட மூட்டுப் பிடிகள் கிளாஸில் அழகாக வரும், தெருவில் வராது. தள்ளுவது, இடிப்பது, முழங்காலால் மோதுவது, மிதிப்பது போன்ற முரட்டு அசைவுகள் அப்போதும் வரும்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு உடம்பு அப்படியே உறைந்துவிடும். கத்த நினைத்தாலும் குரல் வராது, கையைத் தூக்க நினைத்தாலும் கை வராது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவுக்கு இப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். 'ஏன் கத்தவில்லை? ஏன் தள்ளவில்லை?' என்று கேட்கும் ஒவ்வொரு உறவினரும், ஒவ்வொரு அதிகாரியும் இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உறைவது சம்மதம் ஆகாது. அது கோழைத்தனமும் இல்லை, தும்மலைப் போல உடம்பின் செயல்.

பயிற்சியால் உறைவை முற்றிலும் ஒழிக்க முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பதற்றத்தோடு பழகினால் உறைவிலிருந்து மீளும் வழி உடம்புக்குக் கொஞ்சம் தெரிய வரும். தலை முதல் கால் வரை கனத்த பஞ்சுக் கவசம் போட்ட பயிற்சியாளர் உண்மையிலேயே பிடித்து இழுக்க, பெண் முழு வலுவோடு அடித்து விடுபடும் முறை அமெரிக்காவில் 1971-லேயே தொடங்கியது. அவ்வளவு கவசத்துக்கு நம் ஊர் கிளாஸ்களில் வசதி இருக்காது. சரி, அடியைத் தாங்கக் கையில் பிடிக்கும் 'பேட்' என்ற பஞ்சுத் திண்டு இரண்டு இருந்தால் போதும். ஒருவர் பேட் பிடித்துக்கொண்டு அதட்டிக்கொண்டே முன்னேற வேண்டும். மற்றவர் கத்திக்கொண்டே அதை இடிக்க வேண்டும். காற்றில் குத்திப் பழகுவதைவிட இது பல மடங்கு பயனுள்ளது.

## அந்த ஐந்தாறு

இனி, முதல் மூன்று மாதத்துக்குள் உடம்பில் ஏற வேண்டியவை. படித்து மட்டும் வராது, ஆளோடு பழக வேண்டும். ஆனால் எதைக் கேட்டுப் பெறுவது என்று தெரிந்திருக்கட்டும்.

1. தூரமும் நிற்கும் விதமும். பிடிக்காத ஒருவர் நெருங்கும்போது ஒரு காலைப் பின்னால் வைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை வெளியே தெரிய நீட்டுவது. பார்ப்பவருக்கு அது 'வேண்டாம்' என்பதுபோல இருக்கும். உங்களுக்கோ கை ஏற்கெனவே தயாராக முன்னால் இருக்கும்.

2. குரல். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கத்தும்போது அடைத்த மூச்சு வெளியேறுகிறது, உடம்பு உறைவிலிருந்து உடைந்து வெளிவருகிறது. ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? 'விடுங்கண்ணா, ப்ளீஸ் அண்ணா' என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் கெஞ்சினால், சுற்றியிருப்பவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்துத் திரும்பிக்கொள்வார்கள். அந்நியனிடம் 'யார் நீ? கையை எடு! இந்த ஆளை எனக்குத் தெரியாது!' என்று சொன்னால் கேட்பவர்களுக்கு விஷயம் ஒரே நொடியில் புரிந்துவிடும். கூட்டத்தில் ஒருவரைக் குறிப்பாக அழைப்பதும் உதவும்: 'பச்சை ஸ்வெட்டர் போட்ட அக்கா, இங்கே வாங்க!' தெரிந்த ஆளானால் உறவுமுறை சொல்லாமல், காரணம் சொல்லாமல், சிரிக்காமல், 'கையை எடுங்க' என்று மட்டும். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதாட அவருக்கு வழி கிடைக்கும். அப்புறம், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் அதிகம், ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் படுகமொழி. சுற்றியிருப்பவர்களின் மொழியில் 'காப்பாற்றுங்கள்' என்ற ஒரு சொல்லாவது வாயில் இருக்க வேண்டும். கிளாஸில் பத்துப் பேர் முன்னிலையில் முதல் முறை கத்தச் சொன்னால் பாதிப் பேருக்கு வெட்கத்தில் சிரிப்பு வரும். அது போகும்வரை பழக வேண்டும்.

3. மணிக்கட்டை விடுவிப்பது. ஒருவர் கையைப் பிடித்தால் நேராகப் பின்னால் இழுக்கத் தோன்றும். அது பலத்துக்கு எதிராகப் பலம். பெருவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடத்தில்தான் பிடிக்கு வாசல் இருக்கிறது. உங்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த வாசலை நோக்கித் திருப்பி, அவர் பக்கமே ஓர் அடி நெருங்கி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து வெடுக்கென்று உருவ வேண்டும். கை தனியாக இழுக்கக் கூடாது, உடம்பு மொத்தமும் திரும்ப வேண்டும். முடியைப் பிடித்தால், உங்கள் இரண்டு கைகளாலும் அவர் கையைத் தலையோடு அழுத்திக்கொள்ளுங்கள். இழுக்கும் வலி குறையும், காலும் முழங்காலும் வேலை செய்ய நேரம் கிடைக்கும். கழுத்தை நெரித்தால் தாடையைக் கீழே இறக்கித் தோள்களைத் தூக்குவது முதல் வேலை, மூச்சுக்கு இடம் கிடைப்பதற்காக.

4. நாலு அடி. மூடிய முட்டியால் தாடையில் குத்தினால் பழகாதவர்களுக்குத் தங்கள் விரல் எலும்பே உடையும். மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கையில் இருக்கும் மேட்டால் மூக்கையோ தாடையையோ கீழிருந்து இடிப்பது பத்திரம். முட்டியின் சுண்டுவிரல் பக்கத்தால் உலக்கை போடுவதுபோல இடிப்பது இரண்டாவது. நெருக்கத்தில் முழங்கை. அதைவிட நெருக்கத்தில் முழங்காலால் கவட்டில் மோதுவது, காலணியோடு முன்பாதத்தை மிதிப்பது. ஒரே அடியில் ஆள் விழுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிடி தளரும்வரை விடாமல் மூன்று நாலு அடி.

5. விழுவதும் எழுவதும். பல கிளாஸ்களில் இதைத் தொடுவதே இல்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தலை தரையில் படாமல் விழுவது. விழுந்ததும் பாதங்களை அவர் பக்கம் திருப்பி, முழங்கால் சில்லையும் முன்காலையும் உதைத்துத் தூரத்தை உண்டாக்குவது. ஒரு கையை ஊன்றி, முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு எழுவது.

6. ஓடுவது. எங்கே? வெளிச்சம், கடை, ஆட்கள் இருக்கும் திசைக்கு. 'தப்பிக்க' என்று நினைத்து ஆளில்லாத பக்கம் ஓடக் கூடாது.

## மலையில் பழகுவதற்கென்று சில

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கிளாஸ் நடப்பது பெரும்பாலும் சமதளமான கூடத்தில், வெறும் காலோடு, லேசான வெள்ளை உடையில். வெளியே வந்தால் நனைந்த படிக்கட்டு, சரிவான பாதை, ஸ்வெட்டர் மேல் ஷால், கையில் குடை, தோளில் பை. ஒரு காலை உயரத் தூக்கி உதைத்தால் பாசி பிடித்த படியில் மறுகால் வழுக்கிவிடும். இங்கே முழங்காலுக்கு மேல் உதை வேண்டாம் என்பேன். மாதத்தில் ஒரு வகுப்பையாவது வெளியே சரிவில், ஷூவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நடத்தச் சொல்லிக் கேளுங்கள். சரிவில் மேல்பக்கம் நிற்பவருக்குத் தள்ளுவது எளிது, ஆனால் முன்பக்கம் விழும் ஆபத்தும் அதிகம். காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது பழக்கத்தில்தான் வரும். கழுத்தைச் சுற்றிக் கட்டிய ஷால் பிறர் கைக்குப் பிடியாகிவிடும். அதைத் தோளில் தளர்வாகப் போட்டால் இழுத்ததும் அவரோடு போய்விடும்.

குளிர் இன்னொரு விஷயம். டிசம்பர், ஜனவரியில் காலை உறைபனி விழும் நாட்களில் தசைகள் இறுகியிருக்கும். பதினைந்து நிமிடம் நன்றாக உடம்பைச் சூடாக்காமல் உதையும் வீழ்தலும் தொடங்கினால் சுளுக்கும் தசைக்கிழிவும் வரும். கீழ்நாட்டிலிருந்து படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில நாள் சீக்கிரம் மூச்சு வாங்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு.

மிளகாய் ஸ்பிரே பலரும் கேட்பது. மூடுபனியோடு காற்று சுழலும் மலைப்பாதையில் எதிர்க்காற்றில் அடித்தால் அது உங்கள் கண்ணுக்கே திரும்பும். பஸ்ஸுக்குள் அடித்தால் எல்லாருக்கும். வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஒருமுறை வெட்டவெளியில் அடித்துப் பழகுங்கள், பையின் அடியில் போடாமல் கையெட்டும் பாக்கெட்டில் வையுங்கள். என்னைக் கேட்டால் மலையில் குடையே மேல். எப்போதும் கையில் இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு கையால் குறுக்கே பிடித்துத் தள்ளலாம், நுனியால் நெஞ்சில் குத்தித் தூரத்தை உண்டாக்கலாம். சிலம்பம் கொஞ்சம் தெரிந்த பெண்ணின் கையில் மடக்காத நீளக் குடை நல்ல கோல். கவாத்துக் கத்தியையோ கொழுந்து வெட்டும் கத்தரியையோ ஆயுதமாக நினைக்க வேண்டாம். பறிபோனால் விளைவு மோசமாகும்.

ஓர் எச்சரிக்கை: மனிதனிடம் கத்துவதும் காட்டெருமையிடம் கத்துவதும் ஒன்றில்லை. காட்டெருமையோ கரடியோ பாதையில் நின்றால் ஆர்ப்பாட்டம் இல்லாமல் பின்வாங்கி, தூரம் விட்டு, வழி மாற வேண்டும். இருட்டில் அசைவு தெரிந்ததும் முதலில் டார்ச் அடித்து என்னவென்று பார்க்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

## திருப்பி அடித்தால் சட்டம் என்ன சொல்லும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்த அதே உரிமைதான், எண் மாறியிருக்கிறது.

1. தன் உடலை மட்டுமல்ல, இன்னொருவர் உடலைக் காக்கவும் தாக்குபவரைத் தடுத்து அடிக்கலாம். அது குற்றமாகாது.

2. 37-ஆம் பிரிவின்படி, காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமையைச் சொல்ல முடியாது.

3. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம், வன்புணர்வு நோக்கம், கடத்தல், அமில வீச்சு போன்றவற்றில், தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட உரிமை நீளும் என்கிறது 38-ஆம் பிரிவு.

4. உரிமை எப்போது தொடங்குகிறது? 40-ஆம் பிரிவின்படி, நியாயமான அச்சம் எழுந்த உடனேயே. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் தீர்ந்ததும் உரிமையும் முடிகிறது. அவர் விழுந்து கிடக்கும்போதோ ஓடும்போதோ துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பில் வராது.

உயிருக்குப் பயந்து போராடுபவர் எவ்வளவு அடிக்கலாம் என்று தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2010-இல் தர்ஷன் சிங் வழக்குத் தீர்ப்பில் தற்காப்பு உரிமையின் நெறிகளை வரிசையாகத் தொகுத்தும் கொடுத்தது. எனவே 'கேஸ் வரும்' என்ற பயத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

நடந்த பிறகு செய்ய வேண்டியதையும் கிளாஸிலேயே சொல்லித் தர வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, சிறுமிகளுக்கு 1098. பாலியல் தாக்குதல் என்றால் குளிக்காமல், துணி துவைக்காமல் மருத்துவமனைக்குப் போவது ஆதாரத்தைக் காக்கும். தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி தரச் சட்டப்படி கடமைப்பட்டது. சம்பவம் நடந்த இடம் வேறு காவல் நிலைய எல்லையில் இருந்தாலும் பக்கத்து நிலையத்தில் புகார் பதியலாம். மஞ்சூரில் நடந்ததற்கு ஊட்டியில் புகாரை ஏற்க மாட்டோம் என்று திருப்பி அனுப்ப முடியாது.

## கிளாஸில் சேரும் முன் கேட்க வேண்டியவை

பெல்ட் நிறம், சுவரில் மாட்டிய பதக்கம் இவை மாஸ்டரின் விளையாட்டுத் திறமைக்குச் சான்று. அவர் புதியவர்களுக்குத் தற்காப்பு சொல்லித் தரத் தெரிந்தவரா என்பதற்கு வேறு கேள்விகள் வேண்டும். குரல் பயிற்சி உண்டா? கீழே விழுந்து எழும் பயிற்சி உண்டா? எதிர்த்துப் பிடிக்கும் ஆளோடு பழக விடுவீர்களா, இல்லை காற்றில் மட்டுமா? தெரிந்தவர்கள் அத்துமீறுவதைப் பற்றிப் பேசுவீர்களா? தொடுவதற்கு முன் அனுமதி கேட்பீர்களா?

கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். பிடி சொல்லித் தரும்போது உடம்பைத் தொட வேண்டியிருக்கும். எங்கே, எதற்காக என்று சொல்லிவிட்டுத் தொடுபவர், 'வேண்டாம்' என்றால் உடனே விலகுபவர், பெற்றோரை உட்கார்ந்து பார்க்க விடுபவர் நல்ல மாஸ்டர். அதைக் கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

வயது தடையில்லை. முட்டிவலி, முதுகுவலி, ரத்த அழுத்தம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், வீழ்தலை மட்டும் மாற்றிச் சொல்லித் தருவார்கள். ஒரு நாள் முகாமுக்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் அதை அறிமுகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்த பிறகும் வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது தோழியோடோ அக்கா தங்கையோடோ மணிக்கட்டுப் பிடியும் குரலும் பழகாவிட்டால் ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

ஒரு குறை எனக்கு எப்போதும் உறுத்துகிறது. இந்த கிளாஸ்கள் எல்லாம் டவுனில், மாலை ஐந்தரை மணிக்கு மேல். அந்த நேரத்தில் தோட்டத்துப் பெண் கொழுந்து எடை போட்டுவிட்டு, விறகோ காய்கறியோ சுமந்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருப்பாள். டவுனுக்கு வந்து பழகிவிட்டுத் திரும்ப அவளுக்கு பஸ் இருக்காது, இருந்தாலும் அதே இருட்டுப் பாதையில்தான் நடக்க வேண்டும். இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களின் லயன்களில், ஹட்டிகளில், பழங்குடி ஊர்களில் இருக்கும் பெண்களுக்குப் பயிற்சி சேர வேண்டுமானால் மாஸ்டர்தான் மேலே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, கொழுந்து எடை போடும் கொட்டகை காலியாக இருக்கும் நேரத்தில் பத்துப் பெண்களும் இரண்டு பேடும் போதும். மெத்தை இல்லையென்றால் தேயிலைச் சாக்குகளை மடித்து விரித்துக்கொள்ளலாம்.